அம்மாவைச் சென்னைக்குக் கூட்டி வருவதா, ஊரிலேயே விடுவதா?

மன்னை_குமார்:
அப்பா போய் ஒரு வருஷம் ஆகுது. அம்மாவுக்கு 76. மன்னார்குடி வீட்டில் தனியா இருக்காங்க. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. போன மாசம் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு. சென்னை முடிச்சூரில் எங்க ஃப்ளாட்டுக்குக் கூப்பிட்டா, "என் உசுரு இங்கேயே போகட்டும்"ங்கறாங்க. வற்புறுத்திக் கூட்டி வந்துடலாமா?

கீதா_தாம்பரம்:
இதில் யோசிக்க என்ன இருக்கு? இந்தத் தடவை மணிக்கட்டு. அடுத்தது இடுப்பா இருந்தா ஆபரேஷன், படுக்கை, படுக்கைப்புண்ணுன்னு போகும். ராத்திரி விழுந்தா காலையில் பால்காரர் வந்து தட்டற வரைக்கும் தரையில்தான் கிடக்கணும். பெரியவங்க முதலில் வேண்டாம்னுதான் சொல்வாங்க.

திருவாரூரான்:
கூட்டி வந்து என்ன செய்வீங்க மேடம்? எட்டரைக்குப் புருஷன் பொண்டாட்டி வேலைக்கு, பிள்ளைங்க ஸ்கூலுக்கு. அப்புறம் வெளியே பூட்டிட்டுப் போறதா? எங்க பெரியம்மாவை இப்படித்தான் வேளச்சேரிக்குக் கொண்டுபோனாங்க. ஊரில் மகளிர் குழுக் கணக்கு முழுக்க அவங்க கையில் இருந்தது. இங்கே வந்ததும் குக்கர் வைக்கப் போனாக்கூட "விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்"னு மருமகள். நல்ல மனசோடதான் சொன்னா. கொஞ்ச நாளில் பெரியம்மாவுக்குப் பேச்சே குறைஞ்சுபோச்சு. டிவி ஓடும், அவங்க பார்க்க மாட்டாங்க.

கீதா_தாம்பரம்:
அது அந்த வீட்டுக்காரங்க விட்ட கோட்டை, சென்னை என்ன பண்ணும்? ஊரில் தனியா இருந்தா மட்டும் மனசு நல்லா இருக்குமா? ஒருத்தருக்காக யார் சமைப்பாங்க? மூணு வேளையும் ரசம் சாதம்தான். நீங்க ஃபோனில் "சாப்டியாம்மா"ன்னு கேட்பீங்க, "ஆச்சுப்பா"ன்னு வைப்பாங்க.

சாந்தி_நர்ஸ்:
வீடுகளுக்குப் போய்ப் பெரியவங்களைப் பார்க்கிற வேலை எனக்கு. குமார் சார், எங்கே வெச்சுப் பார்க்கறதுங்கறதை அப்புறம் பேசலாம். ஏன் விழுந்தாங்க? வழுக்கிச்சா, எழுந்ததும் தலை சுத்திச்சா? படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை பிரஷர் எடுங்க. மேல் அளவு 20 குறைஞ்சா டாக்டரிடம் சொல்லி மாத்திரையைப் பார்க்கச் சொல்லணும். சில பிரஷர் மாத்திரையில் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, இறங்கும். அப்போ சம்பந்தமில்லாமப் பேசுவாங்க, வீட்டில் மறதி நோய்னு முடிவு கட்டிடுவாங்க. யூரின் இன்ஃபெக்‌ஷனிலும் அப்படி ஆகும். இந்த வயசில் மணிக்கட்டு முறிஞ்சிருக்குன்னா எலும்பு அடர்த்தி டெஸ்டும் எடுத்துடுங்க.

பாத்ரூமுக்குச் சுவரில் துளை போட்டு இறுக்கின கைப்பிடி வேணும். துண்டு போடற கம்பியைப் பிடிச்சா கம்பியும் ஆளும் சேர்ந்துதான் விழும். உள்தாழ்ப்பாளைக் கழட்டிடுங்க. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு தமிழக அரசுத் திட்டம் இருக்கு. பிசியோதெரபியும் அதில் வரும்.

மன்னை_குமார்:
நன்றி சிஸ்டர். ராத்திரி துணைக்கு ஆள் போடலாம்னு பார்த்தா, செலவில் பாதி தர என் தம்பி மழுப்பறான்.

துபாய்வாசி:
பெத்தவங்களைப் பராமரிக்கணும்னு 2007ஆம் வருஷச் சட்டம் இருக்கே பாஸ். கோட்டாட்சியரிடம் அம்மா மனு கொடுத்தா மாசம் 10,000 வரைக்கும் பிள்ளைங்க தரணும்னு உத்தரவு போடலாம். வக்கீல் வேண்டாம். முதியோர் உதவி எண் 14567க்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க, வழி சொல்வாங்க.

திருவாரூரான்:
சட்டம் சரி. எந்த அம்மா சின்னப் பிள்ளை மேல மனு போடும்? சோறு போடாம விட்டவனையே "அவனுக்கு ஆயிரம் கஷ்டம்"னு சொல்ற ஜென்மங்க அது. குமார், இந்தச் செலவை நீங்களே தாங்கிடுங்க. தம்பியோட சண்டை போட்டா அந்த அம்மா இன்னும் உடைஞ்சுபோவாங்க.

மன்னை_குமார்:
இப்பத்தான் ஃபோனில் கேட்டேன். கைப்பிடிக்குச் சரின்னுட்டாங்க. ஆள் போடறதுக்கு, "அவளுக்கும் சேர்த்து நான்தான் பொங்கணும்"ங்கறாங்க.

கீதா_தாம்பரம்:
பொங்கட்டும் சார், நல்லதுதானே! அவங்களும் ஒழுங்கா சாப்பிடுவாங்க. ஆனா மழைக்காலத்துக்கு மட்டுமாவது இங்கே கூட்டி வந்துடுங்க.

திருவாரூரான்:
ஐப்பசி மழைக்கு முடிச்சூருக்கா? 2015 வெள்ளம் மறந்துபோச்சா மேடம்?