பேக்கர்ஸ்: ஆறாவது ரிசீவர் இடம் யாருக்கு? ஹீத்தா, ஹார்ட்மனா?

கெடிலக்கரையான் (கடலூர் ஓ.டி.)

வருகிற 2025 ஆகஸ்ட் 26, செவ்வாய். நம்மூர்க் கணக்கில் புதன் அதிகாலை ஒன்றரை மணிக்குள் என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) அணிகள் எல்லாம் 90 பேரை 53 ஆகக் குறைத்தாக வேண்டும். அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட், பாண்டி ஆபீஸில்தான் உட்கார்ந்திருப்பேன். நாலு வருஷமாக விஸ்கான்சின்காரர்களோடு போனில் பேசிப் பேசி கிரீன் பே பேக்கர்ஸ் அணிமேல் பைத்தியம் பிடித்துப்போன ஆள் நான். கிரீன் பே கடலூரைவிடச் சின்ன ஊர், அணிக்கு முதலாளி என்று ஒருத்தர் கிடையாது, ரசிகர்களே பங்குதாரர்கள், ஸ்டேடியத்தில் மட்டும் 81,000 பேர் உட்காரலாம். பிடிக்காமல் எப்படி இருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிசீவர்களில் (வீசுகிற பந்தைப் பிடித்து ஓடுகிறவர்கள்) ஜேடன் ரீட், டப்ஸ், விக்ஸ், இந்த வருஷ டிராஃப்டில் (கல்லூரி ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ரவுண்டில் எடுத்த மேத்யூ கோல்டன், மூன்றாம் ரவுண்டு சேவியன் வில்லியம்ஸ் ஆகிய ஐந்து பேரை யாரும் அசைக்க முடியாது. வாட்சனுக்கு ஜனவரியில் பேர்ஸ் மேட்சில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது, உடனே வரமாட்டார். மிச்சம் மாலிக் ஹீத், மெக்கோல் ஹார்ட்மன், போ மெல்டன். ஆறு பேர் வைத்தால் இவர்களில் ஒருத்தர்தான். என் ஓட்டு ஹார்ட்மனுக்கு. லீக் ஃபைனலான சூப்பர் பவுலில் ஓவர்டைமில் ஜெயிக்கிற டச்டவுன் பிடித்த கை அது, பன்ட் ரிட்டர்னும் (எதிரணி உதைத்துவிடுகிற பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவது) செய்வார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

லாஸ்பேட்டை லெஃப்டி

ப்ரோ, கணக்கையே நீங்கள் தப்பாகப் போடுகிறீர்கள். வாட்சன் ஆரம்பத்திலிருந்தே காயப் பட்டியலில்தான் இருக்கிறார், அதிலேயே விட்டுவிட்டால் 53ல் அவர் இடம் பிடிக்கமாட்டார், குறைந்தது நாலு மேட்ச் ஆட முடியாது, அவ்வளவுதான். மெல்டனை ஜூன் மாதத்திலிருந்தே எதிரணி ரிசீவரை மறிக்கிற கார்னர்பேக் இடத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள், அவரை டிஃபென்ஸ் கணக்கில் எழுதிவிடலாம். அதாவது காகிதத்தில் ஆறு, கையில் எட்டு.

அப்புறம் ஹீத்தா ஹார்ட்மனா என்றால், யார் நன்றாக ஆடுகிறார் என்பதைவிட யாரை வெளியே விட்டால் திரும்பக் கிடைப்பார் என்று பார்க்க வேண்டும். ஹார்ட்மன் 2019 டிராஃப்ட், நாலு சீசன் தாண்டிய ஆள். இந்தச் சமயத்தில் அவரைக் கழற்றினால் வெய்வர் (மற்ற அணிகள் முதலில் கேட்டு எடுக்கிற முறை) கிடையாது, நேராக அவர் இஷ்டம், மறுநாளே போன் போட்டு வாப்பா என்று கூப்பிடலாம். ஹீத்துக்கு இது மூன்றாவது வருஷம். அவரை விட்டால் மற்ற 31 அணிக்கும் கேட்கிற உரிமை வந்துவிடும், யாராவது கேட்டுவிட்டால் போச்சு. எனவே ஹீத்தை வைத்துக்கொண்டு ஹார்ட்மனை விடுவதுதான் புத்திசாலித்தனம், பிடிக்கிறதோ இல்லையோ.

தேவனாம்பட்டினம் மணி

நம்ம மாமா ஃபைபர் போட்டில் நாலு பேர்தான் போவார்கள். மூணு பேர் யார் என்று எப்போதும் கேள்வி வராது. நாலாவது ஆள் யார் என்பதில்தான் கரையில் சண்டை. ஒருத்தன் வலை வீசுவதில் கெட்டிக்காரன், ஆனால் இன்ஜின் நின்றால் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்னொருத்தன் வீசுவது சுமார், ஆனால் இன்ஜினும் பார்ப்பான், கிழிந்த வலையையும் கட்டுவான். மாமா கூப்பிடுவது ரெண்டாவது ஆளைத்தான்.

ஆறாவது ரிசீவர் அந்த நாலாவது ஆள், தம்பி. அவனுக்குப் பந்து வரப்போவதே மேட்சுக்கு ஒன்றோ ரெண்டோ. 53 பேரில் அன்றைக்கு ஜெர்சி மாட்டுவது 48 பேர் வரைக்கும்தான், கிக்காஃப், பன்ட் என்று பந்தை உதைக்கிற ஆட்டத்தில் ஓடிப்போய் ஆளைத் தள்ளத் தெரியாவிட்டால் சாதாரண டிரஸ்ஸில் ஓரமாக நிற்க வேண்டியதுதான். போன வருஷம் கிக்காஃப் விதியை மாற்றிய பிறகு பந்தைத் திருப்பி ஓடுவது கூடிவிட்டது, அதனால் இந்த வேலைக்கு மதிப்பும் கூடிவிட்டது. ஹீத் டிராஃப்டில் யாரும் எடுக்காத பையன், ஆனால் ரன் ஆட்டத்தில் அவன் பிளாக் செய்வதைப் பாருங்கள். எதிரியின் நெஞ்சில் ரெண்டு கையையும் வைத்தான் என்றால் விசில் ஊதும்வரை எடுக்கமாட்டான். இந்த வீடியோவை யாரும் ரீல்ஸில் போடுவதில்லை, அதுதான் பிரச்சினை.

முத்தியால்பேட்டை மூணாவது சந்து

நம்பர் ஒன் யார் என்றே தெரியாத வீட்டில் ஆறாவது யார் என்று பஞ்சாயத்து! 2021ல் நம்ம ரிசீவர் டவான்டே ஆடம்ஸ் பிடித்தது 123 பந்து, 1,553 கெஜம். 2022 மார்ச்சில் அவரை ரெய்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஒரு முதல் ரவுண்டு, ஒரு ரெண்டாம் ரவுண்டு டிராஃப்ட் வாய்ப்பு வாங்கினார்கள். அந்த ரெண்டாம் ரவுண்டோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்துத்தான் முன்னால் நகர்ந்து வாட்சனை எடுத்தார்கள். போன சீசனில் அணியிலேயே அதிகம் எடுத்த ரீட் 857 கெஜம். ஆயிரத்தை ஒருத்தரும் தொடவில்லை. விக்ஸ் என்று பேர் வைத்திருக்கிறார், தடவினால் ஒட்டும் என்று பார்த்தால் பந்து ஒட்டமாட்டேன் என்கிறது. 2002ல் ஜாவான் வாக்கருக்குப் பிறகு முதல் ரவுண்டில் ஒரு ரிசீவரை எடுக்கவே இவர்களுக்கு 2025 ஆயிற்று. கோல்டனுக்கு முதல் மேட்சிலிருந்தே பந்தை வீசுங்கள், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

லாஸ்பேட்டை லெஃப்டி

முத்தியால்பேட்டையாரே, கோபம் நியாயம்தான். ஆனால் ஜனவரியில் ஈகிள்ஸிடம் 22-10 தோற்ற பிளே ஆஃப் மேட்ச் மறந்துவிட்டதா? வாட்சன் முன்னாலேயே இல்லை, அன்றைக்கு டப்ஸுக்குத் தலையில் அடி, ரீட்டுக்குத் தோளில் அடி. அப்போது உள்ளே போய் நின்றது நீங்கள் கேலி செய்கிற அந்தக் கடைசி வரிசைதான். இப்போதும் ரீட் காலில் பூட் மாட்டிக்கொண்டு நொண்டியபடி ப்ராக்டிஸுக்கு வந்து நிற்கிறார். 2023 டிசம்பர் 31, வைக்கிங்ஸ் மேட்சில் அந்த சீசனில் நம்ம அணியின் முதல் நூறு கெஜ ரிசீவர் யார்? பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து (53க்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கிற ஆட்கள்) மேலே இழுத்துவந்த மெல்டன். 105 கெஜம்.

முத்தியால்பேட்டை மூணாவது சந்து

அந்த மெல்டனைத்தான் இப்போது கார்னர்பேக் ஆக்குகிறார்கள். என்னவோ போங்கள்.

கெடிலக்கரையான்

வெய்வர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, லெஃப்டி. ஹார்ட்மனை விட்டாலும் திரும்பக் கூப்பிடலாம் என்றால் என் வாதத்தில் பாதி காலி. ஆனாலும் ஒரு சந்தேகம். பன்ட் ரிட்டர்னுக்கு அப்போது யார் நிற்பார்? ரீட் நின்றார் என்றால் பூட் போட்ட காலோடு முதல் ரிசீவரையே அடிவாங்க அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோல்டன் 40 கெஜத்தை 4.29 நொடியில் ஓடியவர், அவரை நிறுத்தலாம், ஆனால் முதல் ரவுண்டு ஆளை முதல் வருஷமே அங்கே விடுவார்களா?

மணி அண்ணே, நாலாவது ஆள் கதையை டீம் லீடரிடம் சொன்னேன், அவர் என்னைத்தான் நாலாவது ஆள் என்கிறார்.

தேவனாம்பட்டினம் மணி

பன்ட் ரிட்டர்னுக்கு வேகம் அப்புறம், முதலில் பந்தைக் கீழே போடாத கை வேண்டும். அதற்கு விக்ஸைத் தவிர யாரை வேண்டுமானாலும் நிறுத்தட்டும். சேவியன் வில்லியம்ஸ் கல்லூரியில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுகிறவர்) இடத்தில் நின்று பந்தை வாங்கி ஓடிய ஆள், உடம்பும் பெரிசு, அவனைக் கிக்காஃப் பக்கம் விடலாம், பன்ட்டுக்கு இல்லை.

புதன் காலையில் எனக்குக் கடலுக்குப் போகிற முறை, போனில் சிக்னல் இருக்காது. லிஸ்ட் வந்ததும் இங்கேயே போட்டு வை தம்பி, கரைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன். ஹீத் பேர் இல்லையென்றால் மட்டும் மெதுவாகச் சொல்.