செம்பனை நிழலில் பெரிய மரபினக் கோழிகள்: ஆலோசனை தேவை

குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய எங்கள் புல்தரையில் ஜெர்சி ஜயண்ட், பிரம்மா ஆகிய மரபினக் கோழிகளை மேயவிட்டு வளர்த்து வருகிறோம். ஜெர்சி ஜயண்ட் சேவல் ஏறத்தாழ 6 கிலோ வரை எடை கூடும் என்றாலும், முதலில் எலும்பு வளர்ந்து பிறகே சதை பிடிப்பதால், இறைச்சிக்குத் தயாராக எட்டு ஒன்பது மாதங்கள் செல்லும். அதை அவசரப்படுத்தித் தீவனம் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நண்பகல் வெயிலில் அவை மூச்சிரைத்தாலும், செம்பனை நிழலும் குளிர்ந்த தண்ணீரும் ஓரளவு காக்கின்றன. மழைக்காலம்தான் பெருங்கவலை. பிரம்மாவுக்குக் கால்விரல் வரை இறகு இருப்பதால் சேறு ஒட்டிக் காய்ந்து புண்ணாகிறது. ஈரத்தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் பரவும் அபாயமும் உண்டு.

கனத்த கோழிகள் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டுக் கட்டி வரும் என்பதால், அமரும் கட்டையைத் தாழ்வாகவே அமைத்துள்ளோம். ஆனால் இரவில் மலைப்பாம்பும் மரநாயும் வரும் இவ்விடத்தில் அது போதிய பாதுகாப்பாகுமா?

நகர்த்தும் கூண்டைச் சேற்றுநிலத்தில் எத்தனை நாளுக்கொருமுறை இடம் மாற்றுகிறீர்கள், படுக்கைக்கு மரத்தூளா உமியா ஏற்றது என்பதையும், பெரிய இனங்களை வளர்த்த அனுபவமுள்ள ஐயாமாரும் அம்மாமாரும் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.