இஜிஆரை அடைத்துவிடலாமா? கரும்புகையும் பி0401-உம்

டின் ஃபேக்டரிக்காரன்:
என் கார் 2014 மாடல், 1.3 லிட்டர் டீசல், பிஎஸ்4 மாசு விதிப்படி வந்தது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பெங்களூரில் தினமும் டின் ஃபேக்டரியிலிருந்து சில்க் போர்டு வரை, பாதி நேரம் முதல் கியர்தான். கொஞ்ச நாளாகப் பிக்கப் இல்லை, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கரும்புகை. ஸ்கேன் செய்ததில் பி0401 என்ற எரர் கோடு வந்தது. ஜே.சி. ரோடு மெக்கானிக், தகடு வைத்து இஜிஆரை (வெளியேறும் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு) அடைத்துவிடலாம், செலவும் குறைவு என்கிறார். அடைக்கலாமா?

கம்மனஹள்ளி:
தாராளமா அடைங்க பாஸ். என் பழைய வண்டியில் அடைத்தேன், பிக்கப் பறந்தது.

ஹலசூர் ஸ்பேனர்:
தம்பி, அவர் வண்டி பழசு. உங்களுடையதில் இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், கவனித்துக்கொண்டிருக்கும். பி0401 என்றால், திரும்பி வர வேண்டிய புகை போதவில்லை என்று பொருள். தகடு வைத்தால் அது சுத்தமாக வராது, அதே எரர் கோடு நிரந்தரமாகிவிடும். அதை மறைக்க இசியூவில் கை வைக்கச் சொல்வார்கள்.

எனக்கு உறுத்துவது கரும்புகை. வால்வு கரி பிடித்து மூடியே கிடந்தால் இவ்வளவு புகை வராது. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும், அது இன்ஜினுக்குள் நுழையும் இன்டேக்குக்கும் நடுவில் ஹோஸ் கசிந்தால் கரும்புகை, பி0401 இரண்டும் சேர்ந்து வரும். ஏர் மாஸ் சென்சார் அளந்த காற்று வழியிலேயே போய்விடும், இசியூ அந்தக் கணக்குக்கு டீசலை ஊற்றும். முதலில் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள், எண்ணெய்ப் பசை எங்கே என்று தெரியும். அப்புறம் வால்வைக் கழற்றி கரியைக் கரைக்கும் கார்ப் கிளீனர் ஸ்பிரேயால் கழுவி, புது கேஸ்கெட் போடுங்கள். அந்த ஸ்பிரேயை ஏர் மாஸ் சென்சாரில் அடிக்காதீர்கள், அதற்குத் தனி கிளீனர் உண்டு. ஓடும் இன்ஜினுக்குள்ளும் அடிக்காதீர்கள்.

கம்மனஹள்ளி:
எமிஷன் டெஸ்டில் யாரும் கேட்கவே இல்லையே அண்ணா?

ஹலசூர் ஸ்பேனர்:
அங்கே டீசலுக்குப் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். இஜிஆர் இருப்பது நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க. புகையைத் திருப்பி விட்டு எரியும் சூட்டைத் தணிப்பதுதான் அதன் வேலை. பிஎஸ்4 டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரம்பு. டெஸ்டில் அகப்படவில்லை என்பதால் சட்டப்படி சரி ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாசு விதியை மீறி ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும்.

டின் ஃபேக்டரிக்காரன்:
இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் விரிசல் அண்ணா, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மாற்றியதும் கரும்புகை நின்றது, பிக்கப்பும் வந்தது. எரர் கோடு பி0401-ஐ அழித்துவிட்டு ஓட்டுகிறேன், லைட் திரும்ப வந்தால் வால்வைக் கழற்றலாம் என்றிருக்கிறேன். தகடு வெட்டி வைத்திருந்த மெக்கானிக்குக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.