தபால் வாக்கு: 'பெறப்பட்டது' என்றால் எண்ணியாயிற்றா?

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தபால் வாக்கு அனுப்பியாயிற்று. டிராக்கிங்கில் 'பெறப்பட்டது' என்று காட்டுகிறது. எண்ணிவிட்டார்களா?

பதில் 1: இல்லை. கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்தில் உறையின் பார்கோடை ஸ்கேன் செய்தாகிவிட்டது, அவ்வளவே. அங்கே தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் உறையைப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை. பார்கோடு வெளி உறையில்தான். வாக்குச் சீட்டு ரகசிய உள்ளுறைக்குள். ஆகவே யாருக்குப் போட்டீர்கள் என்பது டிராக்கிங்கில் தெரியாது.

பதில் 2: உள்ளுறையை மறந்து சீட்டை நேராக வெளி உறையில் போட்டால் செல்லாது. வெளி உறையில் கையெழுத்து விட்டுப்போவதும் அடிக்கடி நடக்கும். சில கவுண்டிகள் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லும், சில சொல்லாது. இதுதான் எரிச்சல்.

பதில் 3: இன்னும் அனுப்பாதவர்களுக்கு: அங்கே தபால் முத்திரைத் தேதி உதவாது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுண்டி அலுவலகத்தின் கைக்கு வரவேண்டும். கடைசி வாரமென்றால் நேரில் கொடுங்கள்.