எட்டு வருட அனுபவக்காரரிடம் லிங்க்டு லிஸ்ட் கேட்பது நியாயமா?

அம்பைக்காரன்:
போன வாரம் ஒரு சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஆன்லைன் இன்டர்வியூ. எட்டு வருடமாக ஜாவா என்ற புரோகிராம் மொழியில் பேமென்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். எடுத்த எடுப்பிலேயே லிங்க்டு லிஸ்டை, அதாவது ஒவ்வொரு கண்ணியும் (நோட்) அடுத்தது எங்கே என்று காட்டுகிற தகவல் சங்கிலியை, தலைகீழாகத் திருப்பிப் போடும் கோடை எழுதச் சொன்னார்கள். கல்லூரி முடித்த பிறகு அதைத் தொட்டதே இல்லை. ஜாவாவில் ஒரே வரியில் முடிகிற வேலை. தடுமாறினேன், அனுப்பிவிட்டார்கள். என் வேலை என்ன தெரியுமா? பணம் கட்டும்போது டைம்அவுட் ஆகும், ஆப் மறுபடி அனுப்பும், ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் பிடித்துவிடும். அதைத் தடுக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும். இதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

வண்ணாரப்பேட்டை:
அண்ணாச்சி, நான் இன்டர்வியூ எடுக்கிற ஆள். கோபம் புரிகிறது, ஆனால் அந்தக் கேள்வியை நானும் கேட்பேன். மொத்தம் ஏழெட்டு வரி. மனப்பாடமா என்று பார்ப்பதில்லை. அடுத்த நோடை ஒரு வேரியபிளில் எடுத்து வைக்காமல் இணைப்பை மாற்றினால் மிச்சமுள்ள லிஸ்ட் கைவிட்டுப் போகும். அதை எழுதும்போதே கவனிக்கிறாரா? காலி லிஸ்ட் வந்தால் என்ன ஆகும் என்று அவராகவே கேட்கிறாரா? ரெஸ்யூமைப் பார்த்தால் காஃப்கா, மைக்ரோசர்வீஸ் என்று பெரிய பெரிய தொழில்நுட்பப் பெயர்கள் பக்கம் நிறைய இருக்கும். தோண்டினால், "அது டீமில் வேறொருத்தர் பார்த்தது சார்." பேச்சை மட்டும் நம்பி எடுத்துவிட்டு நாங்கள்தான் முழிக்கிறோம்.

பாளை_அக்கா:
புரோகிராம் ரவுண்டே வேண்டாம் என்கிற பேச்சை மட்டும் நம்ம ஊர்க்காரர்கள் எடுக்காதீர்கள். 2016-ல் கேம்பஸில் எழுத்துத் தேர்வு, கோடிங் எல்லாம் தாண்டினேன். குரூப் டிஸ்கஷனில் என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு வெளியே அனுப்பினார்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எப்படிப் பேசுகிறாய் என்று கேட்காத ஒரே ரவுண்டு கோடிங்தான். ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011-ல் தென்காசியில் ஆபீஸ் போட்டது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குச் சம்பளம் மாதிரி உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தரும் பள்ளியும் நடத்துகிறார்கள். டிகிரியும் இங்கிலீஷும்தான் அளவுகோல் என்றால் அந்தப் பிள்ளைகளை யார் சீண்டுவார்கள்?

அம்பைக்காரன்:
அக்கா, ஃபிரெஷருக்குச் சரி. எனக்கு ஆபீஸ் முடிந்து பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கவே ஒன்பது மணி ஆகிறது. அதற்குப் பிறகு உட்கார்ந்து லீட்கோடு என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் முந்நூறு கணக்குப் போட முடியுமா? ரூமில் தனியாக இருக்கிற பையன் போடுவான், பாஸ் ஆவான். அதில் தெரிவது திறமை இல்லை, ஓய்வு நேரம். இது போக 90 நாள் நோட்டீஸ் வேறு. அவ்வளவு நாள் காத்திருக்க எந்தக் கம்பெனிக்குப் பொறுமை?

வள்ளியூர்_வெட்டிப்பேச்சு:
என்னவே ரெண்டு பேரும் 2015-லேயே நிக்கீக? பக்கத்து ஜன்னலில் ஏஐ ஓடுகிறது. கேள்வி முடியும் முன்னாலேயே பதில் வருகிறது, அதுவும் கமெண்ட்டோடு. பையன் கண் மட்டும் இடது பக்கமே போகும். வண்ணாரப்பேட்டைக்காரரே, ஆன்லைனில் லிங்க்டு லிஸ்ட் கேட்டு நீர் யாரைச் சோதிக்கிறீர், பையனையா சாட்ஜிபிடியையா?

வண்ணாரப்பேட்டை:
அதனால்தான் நாங்கள் நேரில் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அனுபவம் உள்ளவர்களுக்கு லேப்டாப்பும் மூன்று மணி நேரமும் கொடுப்போம். நெட் கிடையாது. வாடகை டாக்ஸி புக்கிங் ஒன்று எழுத வேண்டும்: கிட்டத்தில் காலியாக நிற்கிற வண்டியைப் பிடித்து, கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் போட வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் நான் போய், "இரவு 10 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு" என்பேன். நல்லா எழுதியவர் ஒரே இடத்தில் மாற்றுவார். மற்றவர் ஏழு இடத்தில் தேடுவார். அங்கேயே தெரிந்துவிடும்.

அம்பைக்காரன்:
இதைக் கேட்டிருந்தால் நான் ஏன் இங்கே வந்து புலம்பப் போகிறேன்? அதே புக்கிங் பட்டனை ஒருத்தர் இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு வண்டி போகுமா என்றும் கேளுங்கள். பாதிப் பேர் அதிலேயே விழுவார்கள்.

வண்ணாரப்பேட்டை:
நல்ல கேள்வி, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சி, லிங்க்டு லிஸ்டை விட மாட்டேன். ஏழெட்டு வரியை யோசித்து எழுத முடியாதவரை நம்பி பேமென்ட் கோடைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பாளை_அக்கா:
சண்டை இருக்கட்டும். அந்த மூன்று மணி நேர ரவுண்டைச் சனிக்கிழமை வைப்பீர்களா? வார நாளில் லீவு கேட்டால் எங்கள் மேனேஜர் மோப்பம் பிடித்துவிடுவார்.

வண்ணாரப்பேட்டை:
சனிக்கிழமைதான் அக்கா. ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள், மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.