தாய்லாந்துல பிரதமர் மாறிட்டே இருக்காங்களே, தம்பியை ஃபுக்கெட்டுக்கு அனுப்பலாமா?

கோத்தகிரி_அக்கா:
வணக்கம்ங்க. தம்பி ஊட்டியில கேட்டரிங் முடிச்சிட்டு இங்க ஒரு ரிசார்ட் கிச்சன்ல இருக்கான், ஃபுக்கெட்ல ஒரு ஹோட்டல்ல ட்ரெயினிங்குக்கு கூப்பிட்டிருக்காங்க. 2025 ஜூலைல கம்போடியா பார்டர்ல குண்டு போட்டத டிவில பாத்ததுல இருந்து அம்மா ஒரே புலம்பல். எனக்கு அதவிட வேற ஒண்ணு புரியல, 2023 ஆகஸ்ட்ல ஸ்ரெத்தா, 2024ல பேதோங்தான், 2025 செப்டம்பர்ல அனுதின், நடுவுல எலெக்‌ஷனே நடக்கல, இது எப்படிங்க? கலவரம் கிலவரம் வருமா? தம்பி வேற எதப் பாத்தாலும் ஃபேஸ்புக்ல கமெண்ட் போடுற ஆளு.

குன்னூர்_டு_பாங்காக்:
அக்கா, பார்டர் கிழக்கால, ஃபுக்கெட் தெக்கால கடலோரம், அம்மாகிட்ட மேப்ப காட்டுங்க. இங்க பிரதமரை எறக்குறது ரோடு இல்ல, கோர்ட்டு. 2023 மே எலெக்‌ஷன்ல 500 சீட்டுல 151 வாங்கி முதல்ல வந்தது மூவ் ஃபார்வர்ட் கட்சி, ஆனா 2014ல ஆட்சியப் புடிச்ச ராணுவம் நியமிச்ச 250 செனட்டருக்கும் பிரதமர் ஓட்டு உண்டு, அதுல 13 பேர்தான் அந்தக் கட்சித் தலைவர் பீட்டாவ ஆதரிச்சாங்க, மனுசன் 324 ஓட்டோட நின்னுட்டாரு. உடனே ரெண்டாவதா வந்த பியூ தாய் கட்சி, யாரை எதுத்து ஓட்டு கேட்டாங்களோ அவங்களோடயே சேந்து ஸ்ரெத்தாவ உக்கார வெச்சாங்க, அதே நாள் காலைல அந்தக் கட்சிக்குப் பின்னால இருக்குற முன்னாள் பிரதமர் தக்சின் 15 வருசம் கழிச்சு ஊர் திரும்புறார், எதேச்சையாம், நம்புவோம். ஜெயிலுக்குப் போயிட்டு வந்த ஒருத்தர மந்திரி ஆக்குனாருன்னு ஸ்ரெத்தா பதவி போச்சு. தக்சின் பொண்ணு பேதோங்தான், கம்போடியா முன்னாள் பிரதமர் ஹுன் சென்கிட்ட ‘அங்கிள்’னு பேசி தாய்லாந்து ராணுவ கமாண்டரையே கொறை சொன்ன ஆடியோ லீக் ஆகி காலி. ரெண்டுமே அரசியல் சாசன கோர்ட் தீர்ப்பு. மூவ் ஃபார்வர்டையும் 2024 ஆகஸ்ட்ல அந்த கோர்ட்தான் கலைச்சுது, ரெண்டே நாள்ல பீப்பிள்ஸ் பார்ட்டின்னு புதுப் பேர்ல வந்துட்டாங்க. அனுதின் உக்காந்தது அவங்க ஓட்டுலதான், 4 மாசத்துல சபையக் கலைக்கணும்னு கண்டிஷன் போட்டு குடுத்தாங்க.

மன்னவனூர்_ஆட்டுக்குட்டி:
ஸ்டூடண்ட்ஸ் போராட்டமெல்லாம் 2021ஓட அடங்கிடுச்சுங்க, பசங்க சோர்ந்து போயிட்டாங்க. எதிர்ப்புக்கு அடையாளமா மூணு விரல் காட்டுனதோட சரி.

குன்னூர்_டு_பாங்காக்:
சோர்ந்து போயிட்டாங்கன்னு லேசா சொல்லிட்டுப் போகாதீங்க ப்ரோ. 2020 ஆகஸ்ட் 10 தம்மசாத் யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட்ஸ் மேடையேறி, அரண்மனையப் பத்தியே 10 கோரிக்கை வாசிச்சாங்க, இந்த நாட்டுல அத வாய்விட்டு சொல்றதே பெரிய விஷயம். அப்புறம் வரிசையா 112வது பிரிவுல கேஸு, ராஜ குடும்பத்த அவமதிச்சதா ஒவ்வொரு குத்தத்துக்கும் 3ல இருந்து 15 வருசம், தனித்தனியா கூட்டிக்கிட்டே போவாங்க. ஃபேஸ்புக் போஸ்ட்டுக்கு ஒருத்தருக்கு 50 வருசம் குடுத்தாங்க. பார்லிமெண்ட் முன்னாடி போலீஸ் தண்ணி பீச்சுனப்போ பசங்க காத்தடிச்ச மஞ்ச ரப்பர் வாத்த கேடயமாப் புடிச்சு நின்னாங்கல்ல, அந்த வாத்து போட்ட காலண்டர் வித்த ஒரு பையனுக்கு 2 வருசம். போராட்டத்துல பேசுன வக்கீல் அனோன் நம்பா 2023ல 112லதான் ஜெயிலுக்குப் போனாரு. புங்னு ஒரு பொண்ணு காவல்ல உண்ணாவிரதம் இருந்து 2024 மே மாசம் செத்தே போச்சு. நம்ம பக்கம் பச்சைத் தேயிலைக்கு வெல கேட்டு பந்தல் போட்டு உக்காந்தா போலீஸ்காரரே வந்து டீ குடிச்சிட்டுப் போவாரு, இங்க அந்த கதையே வேற.

கோத்தகிரி_அக்கா:
அய்யோ, அப்ப இவன் வாய வெச்சுக்கிட்டு?

குன்னூர்_டு_பாங்காக்:
வெளிநாட்டுக்காரனுக்கும் 112 உண்டுக்கா. ராஜா, ராணி பத்தி மீம், கமெண்ட், லைக் எதுவும் வேணாம், பழசு இருந்தா இப்பவே அழிக்கச் சொல்லுங்க. காலைல 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் ஸ்டேஷன், பார்க்குல தேசிய கீதம் போடுவாங்க, நடந்துட்டிருந்தாலும் எல்லாரும் அப்படியே நிப்பாங்க, அவனும் நிக்கணும். மத்தபடி ஜனங்க தங்கமானவங்க.

மஞ்சூர்_மிஸ்ட்:
அரசியல விடுங்க அக்கா, முதல்ல லெட்டரப் பாருங்க. டூரிஸ்ட் விசால வா, மத்தத அங்க பாத்துக்கலாம்னு சொன்னா அது ஹோட்டலே இல்ல. நம்ம ஊர்ப் பசங்க நெறய பேரை அப்படித்தான் பாங்காக்ல எறக்கி, மே சோட்னு ஒரு பார்டர் ஊர் வழியா மியான்மர் கூட்டிட்டுப் போய் ஆன்லைன் மோசடி கம்பெனில அடைச்சாங்க, 2025ல ஏர்ஃபோர்ஸ் ஃப்ளைட் போய்தான் நூத்துக்கணக்குல கூட்டிட்டு வந்துச்சு. ஹோட்டல் நம்பரை நீங்களே தேடி எடுத்து நேரா போன் பண்ணுங்க, ஏஜென்ட் குடுத்த நம்பருக்குப் பண்ணாதீங்க. ஃபுக்கெட்டுக்கு டிக்கெட்டும் இங்கயே கைல வாங்கிட்டுத்தான் கெளம்பணும், பாங்காக்ல வண்டி அனுப்புறோம்னா வேணாம்னுடுங்க.