லண்டன் அடுப்பில் செட்டிநாட்டுக் காய்: ராத்திரிச் சோற்றுக்குத் துவட்டல், கூட்டு, மண்டி

கேள்வி:
ஊர் காரைக்குடிப் பக்கம், லண்டனுக்குப் புதுசு. ஃப்ளாட்டில் கண்ணாடித் தட்டு போட்ட மின் அடுப்பு, தலைக்கு மேலே புகை அலாரம். வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரத்தில் சோற்றோடு 2 காய் வைக்கணும், பிள்ளைகளும் சாப்பிடணும். கல்பாசி, மராத்தி மொக்கு மாதிரி மசாலாச் சாமான் எல்லாம் தேடி வாங்கணுமா? தெரிந்த ஆச்சிமார், அண்ணன்மார் சொல்லுங்க.

பதில்:
தேட வேண்டாம் தங்கச்சி. கல்பாசியும் மொக்கும் கறிக்கும் விருந்துக்கும். தினசரிக் காய்க்கு நம்ம பக்கத்து மணம் சோம்பு, உளுந்தம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, இவ்வளவுதான். சின்ன வெங்காயம் சூப்பர் மார்க்கெட்டில் ‘ஷாலட்’ என்ற பெயரில் கிடைக்கும். பெரிசாக, நீளமாக இருக்கும். 2 எடுத்தால் நம்ம ஊர்ச் சின்ன வெங்காயம் 8க்குச் சமம்.

முதலில் துவட்டல், அதாவது பொரியல் மாதிரி உதிரியாக வைக்கும் காய். கோஸ் 400 கிராம், ரொம்பப் பொடியாக வேண்டாம், பொடியாக நறுக்கினால் தண்ணீர் விட்டுக் குழையும். பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டியை வெந்நீரில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள், 20 நிமிடத்தில் ஊறிவிடும். அகலமான வாணலியில் எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உளுந்து 1 தேக்கரண்டி. உளுந்து பாதி சிவந்த பிறகுதான் சோம்பு அரைத் தேக்கரண்டி, வரமிளகாய் 2. மிளகாயை முதலில் போட்டால் உளுந்து சிவக்கும் முன்பே அது கருகிவிடும்; வீடே இருமுவதும் அலாரம் அடிப்பதும் அந்தக் கருகல் நெடியால்தான்.

கண்ணாடித் தட்டு அடுப்பில் இன்னொன்று கவனிக்கணும். குறைத்தாலும் அணைத்தாலும் தட்டின் சூடு சில நிமிடம் இறங்காது. கேஸில் பழகிய கை சுவிட்சைத் திருப்பிவிட்டு நிற்கும், அதற்குள் தாளிப்பு கருகிவிடும். சிவந்ததும் வாணலியையே தூக்கிப் பக்கத்தில் வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள விசிறியையும் முழுக்க நம்பாதீர்கள். வெளியே குழாய் இல்லாத வகை என்றால், காற்றை வடிகட்டி மறுபடி உள்ளேயேதான் விடும். சன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். அலாரத்தின் பேட்டரியை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள்.

பிறகு வெங்காயம், ஊறிய பருப்பு, 3 மேசைக்கரண்டி தண்ணீர். பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் கோஸ், மூடாமல் 6, 7 நிமிடம். மூடி அதிகம் வேகவிட்டால் கோஸில் கந்தக வாடை கிளம்பும். பிள்ளைகள் தட்டை ஒதுக்குவது அதனால்தான். உப்பு கடைசி 2 நிமிடத்தில். தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி, ஃப்ரீசரில் உள்ளதென்றால் மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். பனிக்கட்டியாகப் போட்டால் உதிரியாக வந்த துவட்டல் மறுபடி சொதசொதக்கும்.

பீன்ஸ், கேரட், தண்டு நீக்கிய கேல் கீரை, மெல்லிசாகச் சீவிய குட்டிக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்) எல்லாவற்றுக்கும் இதே வழிதான். குட்டிக்கோஸ் லேசாகக் கசக்கும், தேங்காயைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இன்னொரு பதில்:
கூட்டுக்கு லண்டன் தண்ணீர் எதிரி. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், பருப்பும் காயும் மெதுவாகத்தான் மசியும். வடிகட்டும் ஜாடியில் ஊற்றிய தண்ணீரில் வேகவையுங்கள், வித்தியாசம் தெரியும்.

சௌசௌ கிடைக்காத நாளில் கூர்ஷெட் (சுக்கினி, பார்க்க வெள்ளரி மாதிரி இருக்கும்) போடலாம். அது தண்ணீர்க்காய், ஆகவே கால் கப் பாசிப்பருப்பைத் தனியாகக் கெட்டியாக வேகவைத்துக்கொண்டு பிறகு காயைச் சேருங்கள், 5 நிமிடம் போதும். அரைக்க: தேங்காய் 3 மேசைக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பச்சை மிளகாய் 1, பொட்டுக்கடலை 1 தேக்கரண்டி. பெரிய பிளெண்டர் ஜாரில் இவ்வளவு சின்ன அளவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அரைபடாது. மசாலா அரைக்கும் சின்ன ஜார் வாங்கிக்கொள்ளுங்கள். அரைத்ததை ஊற்றியபின் ஒரே கொதி, இறக்கிவிடணும்.

உருளைப் பிரட்டலில் கிழங்கைப் பார்த்து வாங்குங்கள். மாரிஸ் பைப்பர் மாவுக்கிழங்கு, பிரட்டினால் உடைந்து களியாகும். சார்லட் கட்டியாக நிற்கும். மிளகாய்த் தூளை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எண்ணெயில் தீயாது.

முதலில் எழுதியவர் மறுபடி:
மண்டியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் கெட்டிக் குழம்பு அது. வாரநாளுக்கு அதுதான் பெரிய உதவி. ஒரு தடவை வைத்தால் ஃப்ரிட்ஜில் 2 நாள் இருக்கும், மறுநாள் ருசி இன்னும் கூடும்.

அரிசி களைந்த தண்ணீரில் முதல் கழனியைக் கொட்டிவிட்டு இரண்டாவதை 2 கப் எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் பச்சரிசி என்றால் கழனி நல்ல கெட்டியாக வரும். பாஸ்மதியில் நீர்த்துப்போனால் 1 தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துவிடுங்கள். அதில் சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து வடிகட்டணும். புட்டியில் வரும் புளி விழுது என்றால் 1 தேக்கரண்டியில் ஆரம்பித்து ருசி பாருங்கள், சிலது ரொம்பக் கடுமை.

வெண்டைக்காய் 250 கிராம் கழுவித் துடைத்து, ஈரம் போனபின் ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயில் 8 நிமிடம் வதக்கி எடுத்து வையுங்கள். கொழகொழப்பு அந்த வதக்கலில் போகணும். புளியில் வேகட்டும் என்று பச்சையாகப் போட்டால் காய் விறைத்தே நிற்கும், புளிப்பு காயை இளக விடாது. உருளை, கத்தரிக்காய்க்கும் இதே கணக்கு: முக்கால் வேக்காட்டுக்குப் பிறகுதான் புளி.

அதே வாணலியில் கடுகு, உளுந்து, கால் தேக்கரண்டி வெந்தயம், பெருங்காயம். பிறகு ஷாலட் 3, பூண்டு 8 பல், கீறிய பச்சை மிளகாய், ஒரு தக்காளி. சூப்பர் மார்க்கெட்டில் உள்ள பருமனான மிளகாயில் காரம் குறைவு, 4 போடலாம். தாய்லாந்துக் குட்டி மிளகாய் என்றால் 2 போதும். மிளகாய்த் தூள் போடக் கூடாது, போட்டால் அது காரக்குழம்பு. புளிக்கழனியை ஊற்றி, உப்புப் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டுப் பச்சை வாடை போனதும் வெண்டைக்காயைச் சேருங்கள். மொச்சைக்குப் பதில் டப்பாவில் வரும் பட்டர் பீன்ஸ் அரை டப்பா, டப்பா நீரை வடித்து அலசிவிட்டு. இன்னும் 5 நிமிடம். ஆறினால் இறுகும், ஆகவே கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள்.

பிள்ளைகளுக்கு மிளகாயை எடுத்துவிட்டுச் சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டுக் கொடுங்கள்.